வூட்டுப் பங்கு

கடலூர் துறைமுகத்தில் என் ஐஸ் ஏறாமல் படகு கடலுக்குப் போனது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதிமூணு வயசில் அடுத்தவன் படகில் வலை இழுக்கப் போனேன். நாற்பத்தஞ்சு வயசில் சொந்தமாக ஐஸ் பாக்டரி, ரெண்டு படகு, சிதம்பரத்தில் மாடி வைத்த வீடு. என்னைக் கைதூக்கி விட்டேன் என்று சொல்ல இந்த ஜில்லாவில் ஒரு ஆள் கிடையாது.

ஆனால் பெற்ற ஒரே மகள் என்னிடம் பேச மாட்டாள்.

சண்டை கிண்டை எல்லாம் இல்லை. ஆறு வயசிலேயே பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டேன். நன்றாக வரட்டும் என்றுதான். லீவுக்கு வந்தாலும் அவள் எழுந்திருக்கும்போது நான் துறைமுகத்தில் இருப்பேன். வளர்ந்த பிறகு என்னிடம் அவளுக்கு இருந்தது மூணே வார்த்தை: ஆங், இல்ல, அம்மாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டாயிரத்து ஏழில் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சேர்த்தேன். இனிமேலும் ஹாஸ்டல் வேண்டாம் என்று அங்கேயே வீட்டை வாங்கி, அவள் அம்மாவைத் துணைக்கு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் இறாலோ நண்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவேன். கார் இருந்தது. ஆனால் மீன் வாடை சீட்டில் ஏறிவிட்டால் போகாது. பஸ்ஸில் வந்தால் அது அடுத்தவன் சீட்டு.

போனால் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் படியேறினதும் நின்றுவிடும்.

மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து அவளும் கூடப் படிக்கிற பெண்களும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். பலகை கிடையாது. ஜெராக்ஸ் எடுத்த தடிப் புத்தகம் ஒன்று, பென்சில், ஆளுக்கு ஒரு தாள், தாயக்கட்டம் விற்கிற கடையில் வாங்கிய சின்னப் பகடை நாலைந்து. மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி கதை சொல்லிக்கொண்டே போவாள். காடு, குகை, பூதம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனையோ மந்திரவாதியையோ தங்கள் தாளில் உண்டாக்கி வைத்துக்கொண்டு, அந்த ஆளாகவே, ‘நான் கதவத் தெறக்கிறேன்’, ‘நான் வெட்டுறேன்’ என்பார்கள். இதற்கு இன்ஜினியரிங் படிக்கிற பெண்கள்!

முதலில் நாலு பேர் ஆடினார்கள். அதில் ஒருத்திக்குப் பாதிப் படிப்பில் கல்யாணம் ஆகிவிட்டது. என் மகள், அண்ணாகிராமத்திலிருந்து வந்து படிக்கிற முந்திரித்தோப்புக்காரர் பெண், கதை சொல்கிற மெட்ராஸ்காரி என்று மூணு பேர் மீந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ்காரி என்னைப் பார்த்து, “அங்கிள், ஒரு ஆள் கொறையுது. நீங்க வர்றீங்களா?” என்றாள்.

“அவருக்கு இதெல்லாம் புரியாதுடி,” என்றாள் என் மகள்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆளை உண்டாக்குவது இப்படி. ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு குணம். பலம், சுறுசுறுப்பு, அடி தாங்குகிற தெம்பு, புத்தி, விவேகம், நாலு பேரை மயக்குகிற முகராசி. நாலு பகடையை ஒன்றாக உருட்டி, அதில் சின்னதை ஒதுக்கிவிட்டு மிச்ச மூணையும் கூட்ட வேண்டும். அது ஒரு எண். இப்படி ஆறு தடவை. வந்த ஆறு எண்ணையும் எந்தக் குணத்துக்கு எது என்று நாமே பிரித்து வைத்துக்கொள்ளலாம். பதினெட்டுதான் உச்சம். சாதாரண மனுசனுக்குப் பத்து.

உருட்டினேன். பகடை நிற்பதற்குள் கூட்டிச் சொல்லிவிடுவேன். முந்திரித்தோப்புப் பெண் அசந்துபோய், “ஏய், அங்கிள் கால்குலேட்டர்டி!” என்றாள். கூட்டல் எல்லாம் சரிதான், விழுந்ததுதான் குப்பை. ஏழு, ஒன்பது, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்பது.

“பாவம் அங்கிள், வேணுன்னா திரும்பப் போட்டுக்கோங்க.”

“இல்லம்மா. வுழுந்தது வுழுந்ததுதான். நான் என்னைக்கும் யார்கிட்டயும் இன்னொரு தபா குடுன்னு கேட்டதில்ல.”

பன்னிரண்டைப் பலத்தில் வைத்தேன். ஏழை எங்கே வைப்பது? “சண்டைக்காரனுக்குப் புத்தி தேவப்படாது அங்கிள். அங்க தள்ளிடுங்க,” என்றாள் மெட்ராஸ்காரி. தள்ளினேன். பிறகுதான் கேட்டேன், புத்தி ஏழென்றால் ஆள் எப்படி இருப்பான் என்று. அவள் கள்ளம் இல்லாமல் சொன்னாள்: “மக்கு கெடையாது அங்கிள். எழுதப் படிக்கத்தான் கொஞ்சம் செரமப்படுவாரு.”

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடுத்த வாரம் என் ஆள் குகைக்குள் முதல் ஆளாகப் போனான். வேறு எப்படிப் போவான்? ஒரு கதவு. கதவில் என்னமோ செதுக்கியிருக்கிறது என்றாள் மெட்ராஸ்காரி. என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன்.

“உங்க ஆளால படிக்க முடியாது அங்கிள்.”

“சரி, தெறக்கிறேன்.”

திறந்தேன். கூரை இடிந்து விழுந்து என் ஆள் போய்ச் சேர்ந்தான். ‘திறந்தால் சாவாய்’ என்றுதான் எழுதியிருந்ததாம். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ப்பா, இன்னா ஏதுன்னு எங்களக் கேக்க மாட்டியா? நேரா போயி தெறக்கிற!” என்று என் தோளில் தட்டினாள். செத்தவன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்தத் தட்டில் போய்விட்டது. அவள் என்னைத் தொட்டுப் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை.

அப்புறம் ஒரு வாரமும் நான் தப்பவில்லை. படகு கரையேறுகிற நாள், மிஷின் ரிப்பேர், எதுவாக இருந்தாலும் மச்சானிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். “சிதம்பரத்துல என்னா மாமா, செட்டப்பு கிட்டப்பா?” என்று கிண்டல் பண்ணுவான். பூதத்தோடு சண்டை போடப் போகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

இதில் ஒரு தகராறு வந்தது. முந்திரித்தோப்புப் பெண் கை வைத்தால் பதினாறு, பதினேழு. என் மகளுக்கு எப்போதும் எட்டும் ஒன்பதும். புதுசாக ஆள் உண்டாக்குகிற ஒவ்வொரு தடவையும் இவள் மூஞ்சி சுருங்கும். ஒருநாள் பகடையைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டாள். “எப்பப் பாரு இவ ராஜா, நான் எடுபிடி. நான் ஆடல, போங்கடி.” மெட்ராஸ்காரி புத்தகத்தைப் புரட்டி, பகடையே இல்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுக்கிற வழியும் இருக்கிறது என்றாள். ரெண்டு பேருமே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. உருட்டாமல் என்ன ருசி?

அப்போதுதான் நான் சொன்னேன். “கூறு போடுங்க.”

துறைமுகத்தில் மீன் பிரிப்பது எப்படி என்று அந்த ரெண்டு பெண்களுக்கும் தெரியாது. என் மகளுக்குத் தெரியும், ஆனால் அதை இங்கே கொண்டுவரத் தோன்றவில்லை. வலை இழுத்த ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை கூறாக மீனைப் பிரித்து மணலில் வைப்போம். ஆளுக்கு ஒரு அடையாளம் கொடுப்பார்கள். ஒருவன் கிளிஞ்சல், ஒருவன் தீக்குச்சி, ஒருவன் பீடித்துண்டு. எது யாருடையது என்று தெரியாத ஆளைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக வைக்கச் சொல்வோம். உன் கிளிஞ்சல் எந்தக் கூறில் விழுந்ததோ அது உன்னுடையது. அதற்கு மேல் பேச்சு கிடையாது. எங்கள் குப்பத்தில் கூறு போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். எடையில் சமமாக இருந்தால் போதாது. ஒரு பெரிய மீனோடு நாலு பொடி, அல்லது எல்லாமே நடுத்தரம். எந்தக் கூறு கிடைத்தாலும் எவனும் முகம் சுளிக்கக் கூடாது. அந்தக் கண் எனக்கு உண்டு.

கதை சொல்கிற மெட்ராஸ்காரி போக, ஆடுகிற நாங்கள் மூணு பேருக்குமாகச் சேர்த்துப் பதினெட்டுத் தடவை உருட்டினோம். வந்த எண்களைத் துண்டுத் தாளில் எழுதி, பாயில் நான் மூணு கூறாகப் பிரித்தேன். பதினைந்து இருக்கிற கூறில் ஒரு ஏழு. பதினாலு ரெண்டு இருக்கிற கூறில் ஒரு எட்டு. அடையாளத்துக்கு முந்திரிக்கொட்டை ஒன்று, பேனா மூடி ஒன்று, சட்டைப் பொத்தான் ஒன்று. கீழே மீன் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மாவைக் கூப்பிட்டோம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, பாயைப் பார்த்தாள்.

“இன்னாது, காயிதத்த கூறு போட்டு வெச்சிருக்கீங்க?”

“வையி, சொல்றேன்.”

வைத்துவிட்டுப் போனாள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. மெட்ராஸ்காரி என்னைப் பார்த்து, “அங்கிள், இது புக்குலயே இல்ல. செம!” என்றாள். என் மகள் சொன்னாள்: “எங்கப்பாது.”

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஐஸ் பாக்டரிக்கு போன் வந்தது. “ப்பா, காலேஜ்ல வேற ஒரு செட்டும் நம்ம மாதிரியே கூறு போடப் போறாங்களாம். பதினெட்டு ஒண்ணு வந்துதுன்னா கூட எத வெக்கணும்?” அவளாக எனக்குப் பண்ணின முதல் போன் அது. மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று வெளியே ஓடி, ரோட்டில் நின்று பேசினேன்.

கூறு போடுவதைப் பற்றி அந்தப் பெண்களிடம் ஒன்றை நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். துறைமுகத்தில் கூறு போடுவதற்கு முன்னால் படகுக்காரன் பங்கு ஒதுங்கிவிடும். நான் வலை இழுத்த காலத்தில் எங்கள் படகுக்காரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். மீனைக் கொட்டினதும் எழுந்து வந்து, இருப்பதிலேயே பெரிய வஞ்சிரத்தை வெறுங்காலால் தன் பக்கம் தள்ளுவான். குனிய மாட்டான். மிச்சத்தைத்தான் நாங்கள் பிரிப்போம். அதிலும் அவனுக்கு ஒரு கூறு உண்டு. பொறுக்க முடியாமல் எத்தனையோ நாள் சோற்றில் கை வைத்தபடி அவனைத் திட்டியிருக்கிறேன். சொந்தப் படகு வந்த பிறகு, என் பங்கை நானும் எடுத்தேன். எடுக்காமல் எப்படிப் படகு நடத்துவது? டீசல் யார் போடுவது? கிழிந்த வலைக்கு யார் பதில் சொல்வது?

மூணாம் வருஷம் தொடக்கத்தில் பழைய கதை முடிந்து, புதுசாக எல்லோரும் ஆள் உண்டாக்க உட்கார்ந்தோம். அன்றைக்குப் பதினெட்டு ஒன்று விழுந்தது. மூணு ஆறு, கூட ஒரு ரெண்டு. உருட்டியவள் என் மகள். கத்திக்கொண்டு எழுந்து ஆடினாள். எழுதி வைத்த துண்டுகளை எல்லாம் பாயில் என் முன்னால் கொட்டினார்கள். கூறு போட ஆரம்பித்த பிறகு பதினைந்து, பதினாறுக்கு மேல் வந்ததில்லை. வஞ்சிரம் விழாத நாளில் படகுக்காரனும் காலை நீட்டமாட்டான். அன்றைக்குத்தான் விழுந்தது.

அந்தப் பதினெட்டை விரலால் என் பக்கம் தள்ளினேன்.

“இன்னாப்பா அது?”

“வூட்டுப் பங்கு.”

“இன்னாது?”

“மொதல்ல வூட்டுப் பங்கு ஒதுங்கணும். அப்பறம் கூறு. அதான மொற? மிச்சம் பதினேழு சீட்டு இருக்குது, இன்னொரு தபா உருட்டி பதினெட்டாக்குங்க. என் கூறும் சேந்து எனக்கு ஏழு நம்பர் வரும், அதுல மட்டமானத நான் எறிஞ்சிட்டுப் போறேன்.”

முந்திரித்தோப்புப் பெண் ஒன்றும் புரியாமல் உருட்டினாள். ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு. பதினெட்டு இருந்த இடத்துக்கு ஒரு ஆறு. நான் கூறு பிரித்தேன். நேர்மையாகத்தான் பிரித்தேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. என் மகளின் அம்மா வந்து அடையாளம் வைத்தாள். ஆறு இருந்த கூறில் பேனா மூடி. பேனா மூடி என் மகளுடையது.

அவள் அந்தக் கூறைத் தொடவில்லை.

“அந்தப் பதினெட்ட வெச்சிடுப்பா.”

“மொறன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“இது படகு இல்லப்பா.”

“வூடு யாருது? பாயி யாருது? இவ்ளோ நாளா நீங்க தின்ன எறா யாருது?”

“அங்கிள், பரவால்ல, நீங்களே வெச்சுக்கோங்க,” என்றாள் மெட்ராஸ்காரி. சமாதானத்துக்குத்தான் சொன்னாள். அந்த நேரத்துக்கு அது பிச்சை போடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

என் மகள் குரலை உயர்த்தவில்லை. “நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நீ சொல்லுவியே. வல இழுக்கிறவன் வயித்துல அடிக்கிறான், குனியக்கூட மாட்டேங்கிறான்னு. சோறு தின்னாம எழுந்துருவியே. அது யாருப்பா?”

நான் வாயை மூடியிருக்கலாம். பதினெட்டைத் திருப்பி வைத்திருக்கலாம். ஒரு துண்டுத் தாள்தானே. ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெண்கள் ரெண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “அந்தப் பங்குலதான்டி நீ படிக்கிற,” என்றேன். “அந்தப் பங்குலதான் தின்ற. உடுத்துற. இவளுங்கள கூட்டியாந்து இங்க உக்காந்து சிரிக்கிறியே, அதுவும் அதுலதான்.”

முந்திரித்தோப்புப் பெண் தட்டுகளை ஒன்றுமேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்கள். மணி மூணுகூட ஆகவில்லை. என் மகள் என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.

கீழே அவள் அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“நான் சொன்னதுல இன்னா தப்பு?” என்றேன்.

“ஒண்ணும் தப்பில்ல. அந்தாளு காலால தள்ளுனான். நீ வெரலால தள்ளுன.”

இருபத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். குழம்பை இறக்கி வைத்தாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ரெண்டு வாரம் கழித்துப் போனேன். மாடி காலி. அவர்கள் ஆட்டத்தை லேடீஸ் ஹாஸ்டலுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் கேட்டைத் தாண்ட முடியாது. அடுத்த செமஸ்டரில் படிப்பு ஜாஸ்தி என்று சொல்லி அவளே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். எதைத் தவிர்க்க நான் வீடு வாங்கினேனோ, அதே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை நண்டு எடுத்துப்போய் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். தூக்குச்சட்டி கழுவித் திரும்பி வரும். கூட ஒரு சொல் வராது. பழையபடி ஆங், இல்ல, அம்மாகிட்ட சொல்லிட்டேன். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலை. சிதம்பரம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் அம்மா கடலூருக்கு வந்துவிட்டாள்.

போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். எதற்கு? நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பங்கில்தான் படித்தாள். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் கிடையாது. எனக்குப் பழக்கம் இல்லாத காரியங்கள் நிறைய இருக்கின்றன என்பது வயசான பிறகு தெரிகிறது.

ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில் முந்திரித்தோப்புப் பெண்ணுக்குத் திருவந்திபுரம் மலைக்கோயிலில் கல்யாணம். அன்றைக்கு மலையில் எத்தனை ஜோடியோ, எந்த மேளம் யாருக்கு அடிக்கிறது என்றே தெரியவில்லை. தேடிப்பிடித்துப் போய் நின்றேன். என் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். “சாப்டியாப்பா?” என்று கேட்டுவிட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போய்விட்டாள். மெட்ராஸ்காரிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் பெங்களூரில்தான் வேலையாம்.

“அங்கிள், இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கோம். ஞாயித்துக்கெழமையானா உங்க பொண்ணு ரூம்லதான். எங்க ஆபீஸ் பசங்க நாலு பேரும் வர்றாங்க. எல்லாரும் உங்க மொறதான். கடலூர் கூறுன்னு பேரே வெச்சிட்டோம்.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறைக்க மாட்டேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்தவன் எல்லாம் என் முறையில் கூறு போடுகிறான்.

“வூட்டுப் பங்கு?” என்று கேட்டேன். வேடிக்கையாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

அவள் சிரித்தாள். “அது இல்ல அங்கிள். புதுசா யாரு வந்தாலும் உங்க பொண்ணு அத மொதல்ல சொல்லிடுவா. வூட்டுக்காரருக்குன்னு தனியா எதுவும் கெடையாதுன்னு.”

பந்தியில் என்ன போட்டார்கள் என்று ஞாபகம் இல்லை.

நான் அவளுக்கு வாரம் ஒரு தடவை போன் பண்ணுகிறேன். எடுப்பாள். உடம்பு எப்படி என்று கேட்பாள். மாத்திரை போட்டாயா என்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மட்டும் எடுக்க மாட்டாள். அந்த நேரத்தில் நானும் பண்ணுவதில்லை. மறந்துபோய் ஒன்றிரண்டு தடவை பண்ணியிருக்கிறேன். மறக்காமலும் பண்ணியிருக்கிறேன்.

பதினெட்டு விழுந்த அன்றைக்கு மாடியில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, என் கூறை எடுத்துத் தாளில் எழுதினேன். கூறில் வந்த ஆறு எண்ணோடு அந்த வீட்டுப் பங்கும் சேர்ந்து ஏழு எண். மட்டமானதை அடித்துவிட்டேன். பதினெட்டைப் பலத்தில் வைக்கவில்லை. புத்தியில் வைத்தேன். எந்தக் கதவில் எது செதுக்கியிருந்தாலும் படிக்கக்கூடிய ஆள் அவன். அந்தத் தாள் ஐஸ் பாக்டரி மேஜை டிராயரில், கரண்ட் பில்லுக்கு அடியில் கிடக்கிறது. ஈரத்தில் பென்சில் எழுத்து மங்கிவிட்டது. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆடினதில்லை.